முதல் ஜாஸ் ரெக்கார்டு 1917, முதல் ப்ளூஸ் ரெக்கார்டு 1920. அப்புறம் எப்படி ப்ளூஸ் மூத்தது?

கோவை கீபோர்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கீபோர்டு கற்றுக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிரேடு தேர்வுக்கு ஒரு ப்ளூஸ் இசைத்துண்டு வந்திருக்கிறது. விரல் ஓடுகிறது, ஆனால் எதை வாசிக்கிறேன் என்றே புரியவில்லை. சரி, வரலாற்றைப் படிப்போம் என்று உட்கார்ந்தால் குழப்பம் அதிகமாகிவிட்டது.

இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. எங்கே பார்த்தாலும் “ப்ளூஸிலிருந்துதான் ஜாஸ் வந்தது” என்று எழுதியிருக்கிறது. ஆனால் தேதிகளைப் பார்த்தால் முதல் ஜாஸ் ரெக்கார்டு 1917 பிப்ரவரியில் பதிவாகியிருக்கிறது. வாசித்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட், ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். ஒரு கறுப்பினப் பாடகி ப்ளூஸ் பாடி வந்த முதல் ரெக்கார்டு 1920இல், மேமி ஸ்மித் பாடியது. கிட்டார் வைத்துக்கொண்டு தனியாகப் பாடுகிற கிராமத்து ஆட்களின் ரெக்கார்டுகள் அதற்கும் பல வருடம் கழித்து வருகின்றன. வரிசையே தலைகீழாக இருக்கிறதே?

இன்னொன்று. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நடுராத்திரி நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று கிட்டார் கற்றார் என்ற கதை எல்லா வீடியோவிலும் வருகிறது. அது எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ஓய்வுபெற்ற கார்டு

தம்பி, நீங்கள் எழுதிய தேதிகளில் பிழை இல்லை. ஆனால் ரெக்கார்டு கம்பெனி எந்த வருடம் யாரை உள்ளே விட்டது என்பதைத்தான் அவை சொல்கின்றன. இசை அதற்கு இருபது வருடம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது.

நான் சதர்ன் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவன். ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டியை லூப் லைனில் போட்டுவிட்டால் எப்போது சிக்னல் விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரங்களில் டிரான்சிஸ்டரில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கேட்பேன். வில்லிஸ் கானோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்துவார். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகப் பேசுவார். அப்படிப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். இந்த இசையின் கதையை எங்கே தொட்டாலும் ஒரு ரயில் வந்து நிற்கும். அதனால் ரயிலை வைத்தே சொல்கிறேன், எனக்கு அதுதான் வரும்.

மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்று ஒரு சின்ன ஊர். 1903 வாக்கில் அந்த ஸ்டேஷனில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின பேண்டு மாஸ்டர் வண்டிக்காகக் காத்திருக்கிறார். வண்டி ஒன்பது மணி நேரம் லேட். அசந்து தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஒல்லியாக ஒரு ஆள். கந்தல் துணி, ஷூவிலிருந்து விரல் எட்டிப் பார்க்கிறது. கிட்டார் தந்திமேல் ஒரு கத்தியை வைத்து அழுத்தி, இழுத்து இழுத்து வாசிக்கிறார். ஒரே வரியை மூன்று தடவை பாடுகிறார்: சதர்ன் லைன் ‘டாக்’ லைனைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குப் போகிறேன் என்று. ஒவ்வொரு தடவை பாடி முடித்ததும் கிட்டார் பதில் சொல்கிறது.

அந்த இடம் மூர்ஹெட் என்ற ஊர். அங்கேயும் ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது. யாஸூ டெல்டா லைனை ‘யெல்லோ டாக்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். இரண்டு லைனும் ஒரே மட்டத்தில் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும், எங்கள் பாஷையில் டயமண்ட் கிராஸிங். அந்த ஆள் புதிதாக எதையும் கற்பனை செய்து பாடவில்லை. தான் போகவேண்டிய ஊரைத்தான் பாடினார். அவர் பெயர் என்ன என்று ஹேண்டி எழுதி வைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

ஹேண்டி மெத்தப் படித்த இசைக்காரர். நொட்டேஷன் பார்த்து வாசிக்கிற ஒன்பது பேர் கொண்ட குழு வைத்திருந்தவர். அப்புறம் கிளீவ்லேண்ட் என்ற ஊரில் (மிசிசிப்பியில் இருக்கும் கிளீவ்லேண்ட்) அவருடைய குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளூர் ஆட்கள் கொஞ்ச நேரம் வாசிக்கட்டுமா என்று கேட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள்: அடிபட்ட ஒரு கிட்டார், ஒரு மாண்டலின், தேய்ந்துபோன ஒரு பாஸ். ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கூட்டம் வெள்ளி டாலர்களை அவர்கள் காலடியில் வீசியது. ஹேண்டியின் ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பேசிய சம்பளத்தைவிட அது அதிகம். அன்றைக்குத்தான் அவருக்கு இந்த இசையின் மதிப்பு புரிந்தது. இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சரி, டட்வைலர் ஆள் எங்கே கற்றிருப்பார்? ஒரு பக்கம் கேங் பாட்டு. தண்டவாளம் விலகிவிட்டால் கேங்மேன்கள் வரிசையாகக் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பவேண்டும். எல்லோரும் ஒரே நொடியில் நெம்பாவிட்டால் ரயில் அரை அங்குலம்கூட நகராது. அதற்காக ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுச் சொல்லிக்கொண்டே தள்ளுவார்கள். நம் ஊர் செக்‌ஷன்களிலும் நான் பார்த்ததுதான் இது. அமெரிக்கத் தெற்கில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள், அவர்களிடம் இது பெரிய பாட்டு மரபாகவே வளர்ந்தது. ஒருவர் எடுக்க, கூட்டம் பதில் சொல்லும் அந்த முறை ஆப்பிரிக்காவிலிருந்து கூடவே வந்தது. 1947, 48இல் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பியின் பார்ச்மேன் சிறைப் பண்ணையில் கைதிகளின் பாட்டைப் பதிவு செய்தார். அதில் கோடாலி விழுகிற சத்தம்தான் தாளம். கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு பக்கம் வயலில் தனியாக நிற்பவன் போடுகிற குரல். கோவேறு கழுதையும் ஏருமாக ஒருவன், கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. மேலே எடுத்து வழுக்கிக்கொண்டே கீழே வரும் நீளமான கூவல் அது. பதிலுக்கு ஆள் கிடையாது. ப்ளூஸில் இந்த இரண்டும் இருக்கின்றன. குரல் வயல்காரனுடையது. பதில் சொல்லும் கூட்டத்தின் இடத்தை கிட்டார் எடுத்துக்கொண்டது.

ஏன் 1890களில், ஏன் அந்த மண்ணில் என்று கேட்டால், 1865இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது, ஆனால் நிலம் யாருக்கும் கொடுக்கவில்லை. வாரத்துக்கு உழுதார்கள். விளைச்சலில் பாதி முதலாளிக்கு. விதை, உரம், மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையிலேயே கடன். கணக்கு நோட்டு முதலாளி கையில். வருடக் கடைசியில் கணக்கு பார்த்தால் உழைத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சாது, சில பேருக்குக் கடன்தான் மிஞ்சும். அப்பா அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று மட்டும் அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது: கிளம்பிப் போகலாம். அடுத்த பண்ணைக்கு, அடுத்த ஊருக்கு, வடக்கே. போவது, விட்டுவிட்டுப் போவது, வண்டியைத் தவறவிடுவது என்று ப்ளூஸ் முழுக்க இதுவாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

1895இல் வில் டாக்கரி என்பவர் ஏற்படுத்திய டாக்கரி பண்ணை இதில் முக்கியமான இடம். சார்லி பேட்டன் அங்கே வளர்ந்தார். அவரிடமிருந்து வில்லி பிரவுன், ஹவுலிங் உல்ஃப் என்று ஒரு பரம்பரையே கற்றது. அந்தப் பண்ணைக்குப் போன கிளை லைனுக்கு ‘பீ வைன்’ என்று பெயர், பட்டாணிக் கொடி மாதிரி வளைந்து வளைந்து போகும். 1929இல் பேட்டன் அந்த ரயிலைப் பற்றியே ஒரு ப்ளூஸ் பதிவு செய்தார். ஒரு பிராஞ்ச் லைனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததை நினைத்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

இப்போது உங்கள் தேதிகளுக்கு வருகிறேன். ஹேண்டி தான் கேட்டதை நொட்டேஷனில் எழுதி 1912இல் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’, 1914இல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்று வெளியிட்டார். 1914இலேயே விக்டர் கம்பெனியின் ராணுவ பேண்டு ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ஸைப் பதிவு செய்துவிட்டது. அதாவது ப்ளூஸ் மெட்டு தட்டில் ஏறியது ஜாஸுக்கு முன்னால். நீங்கள் சொல்கிற 1917 ஜாஸ் ரெக்கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தின் பெயர் ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’. குதிரை, சேவல், மாடு கத்துகிற மாதிரி வாசிப்பார்கள், அது வேடிக்கைக்கு. அடியில் ஓடுவது பன்னிரண்டு பார் ப்ளூஸ் (பார் என்றால் தாளத்தின் ஒரு சின்னப் பகுதி).

மேமி ஸ்மித் விஷயம். கறுப்பின மக்கள் ரெக்கார்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் நம்பவே இல்லை. பெர்ரி பிராட்ஃபோர்டு என்ற பாடலாசிரியர் கதவு கதவாக அலைந்து ஓக்கே கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்தார். 1920 ஆகஸ்ட் 10, நியூயார்க், ‘கிரேஸி ப்ளூஸ்’. தட்டுகள் பறந்தன. புல்மேன் எனப்படும் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின போர்ட்டர்கள் வடக்கே கட்டுக்கட்டாக வாங்கி, தெற்கே வண்டி நின்ற ஊர்களில் விற்றார்கள். கடையே இல்லாத ஊருக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது ரயில்வே ஊழியர்களால்.

ஸ்டுடியோ இருந்தது நியூயார்க்கில். மேடை அனுபவமும் குழுவும் உள்ள பாடகிகள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அதனால் முதலில் மேமி ஸ்மித், 1923இல் பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி. 1926இல் டெக்சஸைச் சேர்ந்த கண் தெரியாத பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் விற்றபிறகுதான் கிட்டார்காரர்களைத் தேடித் தெற்கே ஆள் அனுப்பினார்கள். மூத்தவர்கள் கடைசியில் வந்தது இப்படித்தான்.

சாத்தான் கதையை விட்டுவிடுங்கள். முதலில் அது டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவர் அண்ணன் சொன்ன கதை. ராபர்ட் ஜான்சனுக்கு ஐக் ஜிம்மர்மேன் என்ற ஆசான் இருந்தார். ராத்திரியில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இடுகாட்டில் உட்கார்ந்து சாதகம் செய்வார்கள் என்று அந்தக் குடும்பத்தாரே சொல்லியிருக்கிறார்கள். 29 பாட்டுகளை 1936, 37இல் பதிவு செய்துவிட்டு 1938இல் 27 வயதில் இறந்துபோனவர் அவர். ஒரு மனிதனின் உழைப்பைச் சாத்தான் கணக்கில் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

---

மயிலாப்பூர் பியானோ டீச்சர்

கார்டு சார் எழுதியதைப் படித்துவிட்டு இன்றைக்கு வகுப்பே தாமதமாகத்தான் ஆரம்பித்தேன். தம்பி, நீங்கள் கீபோர்டில் உட்கார்ந்திருப்பதால் நான் கை வழியாகச் சொல்கிறேன்.

சி ஸ்கேலில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பார் சி கோர்டு (சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கூட்டு). அப்புறம் இரண்டு பார் எஃப், இரண்டு பார் சி. அப்புறம் ஒரு பார் ஜி, ஒரு பார் எஃப், கடைசி இரண்டு பார் சி. மொத்தம் பன்னிரண்டு. பாட்டு வரிகள் மூன்று. முதல் வரியை நான்கு பாரில் சொல்வார்கள், இரண்டாவது நான்கு பாரில் அதே வரி, ஆனால் அடியில் கோர்டு மாறியிருக்கும். மூன்றாவது வரிதான் பதில். ஒவ்வொரு வரியும் நான்கு பாரையும் நிரப்பாது, ஏறக்குறைய இரண்டில் முடிந்துவிடும். மிச்சம் இரண்டு பார் இன்னொரு வாத்தியத்துக்கு. கார்டு சார் சொன்ன கத்தி கிட்டாரின் பதில் அந்த இடத்தில்தான் வரும். தேர்வுத் துண்டில் உங்கள் வலது கை திடீரென்று சும்மா இருந்து, பிறகு சின்னதாக ஒரு ஓட்டம் வருகிறதா? அந்த இடம் அதுதான். அதை அவசரமாக வாசித்தால் கெட்டுப்போகும்.

அடுத்தது ஸ்வரம். மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஸ்வரங்களை இறக்கிப் பாடுவார்கள். சியில் என்றால் ஈ ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட். ஆனால் பாடுகிறவர் சரியாக ஈ ஃப்ளாட்டில் நிற்பதில்லை. ஈ ஃப்ளாட்டுக்கும் ஈக்கும் நடுவில் எங்கேயோ அசைந்துகொண்டிருப்பார். நம் காதுக்கு அது உடனே பிடிபடும், கமகம் கேட்டு வளர்ந்த காது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. அதனால் பியானோக்காரர்கள் கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்கு ஒரே விரலை வழுக்க விட்டார்கள், சில சமயம் இரண்டையும் சேர்த்தே அழுத்தினார்கள். உங்கள் துண்டில் ஈ-க்கு முன்னால் குட்டியாக ஈ ஃப்ளாட் எழுதியிருந்தால் அது அலங்காரம் இல்லை. குரல் போய்வந்த இடத்தைப் பிடிக்கிற முயற்சி. நகத்தால் தட்டுகிற மாதிரி வாசிக்காமல் விரலைச் சரியவிடுங்கள்.

ஒரே ஒரு பதிவு கேட்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: 1925 ஜனவரியில் பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. இருப்பது மூன்றே பேர். பெஸ்ஸி, கார்னெட்டில் (டிரம்பெட் மாதிரியான பித்தளை ஊதுகருவி) லூயி ஆம்ஸ்ட்ராங், அப்புறம் ஃப்ரெட் லாங்ஷா. லாங்ஷா வாசிப்பது பியானோ இல்லை, ஹார்மோனியம்! அதன் ஸ்ருதி மாதிரியான தொடர்ச்சியான ஒலிமேல் பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்த, ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார். எங்கேயும் இருவரும் மோதிக்கொள்வதில்லை. ப்ளூஸும் ஜாஸும் ஒரே அறையில் எப்படி இருந்தன என்று இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

---

கோவை கீபோர்டு

டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரியே என் துண்டில் ஐந்தாவது பாரில் அந்தக் குட்டி ஸ்வரம் இருக்கிறது. சரியவிட்டு வாசித்துப் பார்த்தேன், உடனே வேறு மாதிரி கேட்கிறது. மிக்க நன்றி.

கார்டு ஐயா, ஒரு சந்தேகம் பாக்கி. வயலும் கேங்கும் பண்ணையும் புரிந்தது. ஆனால் ஜாஸில் கார்னெட், கிளாரினெட், டிராம்போன் எல்லாம் வருகின்றனவே, வயலில் ஏது அவை? அப்புறம், 1917இல் வாசித்த வெள்ளைக்காரர்கள் இதைத் திருடினார்கள் என்று சொல்வது சரியா?

---

மெம்பிஸ்வாசி

ஊர் திருநெல்வேலி, இப்போது மெம்பிஸில் வேலை. இங்கிருந்து தெற்கே நெடுஞ்சாலை 61இல் இறங்கினால் கார்டு ஐயா எழுதிய இடங்கள் எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நானும் மனைவியும் போய்வந்தோம். டாக்கரியில் பருத்தி அரவைக் கட்டடமும் விதைக் கிடங்கும் இன்னும் நிற்கின்றன. கிடங்கின் சுவரில் பண்ணையின் பெயரும் 1895 என்ற வருடமும் பெரிதாக எழுதியிருக்கும். டட்வைலரில் ஸ்டேஷன் கட்டடம் இல்லை, அது இருந்த இடமும் சுவர் ஓவியமும்தான் மிச்சம். மூர்ஹெட்டில் அந்தத் தண்டவாள வெட்டை எடுத்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நீலப் பலகை. ஐயா, உங்களுக்காகத் தனியாக ஒரு தகவல்: உண்மையிலேயே செங்குத்தான வெட்டுதான், கொஞ்சமும் சாய்வு இல்லை.

போன பிறகு புரிந்தது ஒன்று உண்டு. மண் அவ்வளவு தட்டை. ஒரு மேடுகூடக் கிடையாது. தூரத்தில் ஒருவர் குரல் கொடுத்தால் தடுக்க எதுவுமே இல்லை.

---

ஓய்வுபெற்ற கார்டு

மெம்பிஸ்வாசி தம்பி, அந்த டயமண்டைப் போட்டோ எடுத்திருந்தால் இங்கே போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கோவைத் தம்பிக்கு. பித்தளை வாத்தியங்கள் வந்தது நியூ ஆர்லியன்ஸிலிருந்து. அது பருத்தி வயல் இல்லை, துறைமுக நகரம். பிரெஞ்சுக்காரர்கள் 1718இல் கட்டியது, அப்புறம் ஸ்பெயின் கைக்குப் போய், 1803இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. ஹவானாவோடு கப்பல் போக்குவரத்து உண்டு, அந்தத் தாளமும் வந்து இறங்கியது. 1739 அடிமைக் கிளர்ச்சிக்குப் பிறகு தென் கரோலினாவில் கறுப்பின மக்கள் முரசு கொட்டவே சட்டம் தடைபோட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆட விட்டார்கள். 1817இல் அதை ஒரே இடத்தில் நடத்தவேண்டும் என்று நகரசபை விதி போட்டது. அந்த மைதானம்தான் காங்கோ ஸ்கொயர். 1819இல் பெஞ்சமின் லாட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் அங்கே பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்: தரையில் வைத்துக் கையால் அடிக்கும் முரசுகள், சுரைக்குடுக்கையில் செய்த ஒரு தந்தி வாத்தியம். பாஞ்சோவின் பரம்பரை அது.

அந்த நகரத்தில் ‘கிரியோல்’ என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வம்சங்கள் கலந்தவர்கள். அடிமைக் காலத்திலேயே பலர் சுதந்திரமானவர்கள். பிள்ளைகளுக்கு முறையாக இசை சொல்லிக்கொடுத்தார்கள், ஓபரா (இசை நாடகம்) பார்த்தார்கள். கனால் தெருவுக்குக் கீழே அவர்கள், மேலே பண்ணைகளிலிருந்து வந்த ஏழைக் கறுப்பின மக்கள். இரண்டு பக்கமும் அவ்வளவாக ஒட்டாது.

இங்கேயும் ஒரு ரயில் வருகிறது. 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்ற கிரியோல் செருப்புத் தொழிலாளி வெள்ளையர் பெட்டியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார். பார்வைக்கு வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி என்ற பிரிவினைச் சட்டத்தை எதிர்க்க ஒரு குழு திட்டமிட்டு அனுப்பிய ஆள் அவர். கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1896இல் தோற்றது. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற அநியாயம் நாடு முழுவதும் சட்டமானது. அன்றைக்கு அந்தப் பெட்டியில் டிக்கெட் பரிசோதித்த ஊழியர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் தொழிலில் இருந்தவர்கள் கையால்தான் அது நடந்தது.

இந்த நெருக்கடியில் கிரியோல்களும் மற்றவர்களோடு ஒரே கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள். வாசிக்கப் போகும் வேலைகளும் அதே வேலைகள்தான். நொட்டேஷன் படித்து, சுத்தமாக கிளாரினெட் வாசிக்கிறவர்கள் ஒரு பக்கம். காதால் கேட்டு, குரல் மாதிரியே கார்னெட்டை இழுத்துப் பேசவைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரே நாற்காலி வரிசையில் உட்காரவேண்டி வந்தது. ஜாஸ் பிறந்தது அந்த நாற்காலிகளில் என்றுதான் நான் நம்புகிறேன். கூடவே ஊரில் எதற்கெடுத்தாலும் பேண்டு: ஊர்வலம், சங்கத்து விழா, சாவு. இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக துக்க கீதம், திரும்பி வரும்போது ஆட்டம். பின்னால் குடையும் கைக்குட்டையுமாக ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே வரும், இன்றைக்கும் வருகிறது.

அந்த மேல்பக்கத்து ஆட்களில் முதல் பெரிய பெயர் பட்டி போல்டன், 1877இல் பிறந்தவர். அவர் கார்னெட் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். நடன அரங்குகளில் ப்ளூஸைப் பித்தளையில் வாசித்தவர் என்று அவரோடு இருந்தவர்கள் சொன்னார்கள். 1906இல் மனநிலை பாதித்தது. 1907இல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், 1931இல் அங்கேயே இறந்தார். ஒரு ரெக்கார்டுகூட இல்லை. குழுவோடு நிற்கிற ஒரே ஒரு போட்டோ. உங்கள் 1917க்குப் பத்து வருடம் முன்பே அவர் வாசித்து முடித்துவிட்டார், தம்பி.

திருட்டு என்ற கேள்விக்கு என் பதில்: அந்த ஐந்து பேரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். தெருவில் கேட்டு வளர்ந்ததை வாசித்தார்கள், அதில் தப்பில்லை. கறுப்பினக் குழுக்களுக்கு அந்த வாய்ப்பு முதலில் வரவில்லை என்பது கம்பெனிகளின் குற்றம். ஃப்ரெடி கெப்பார்டு என்ற கார்னெட் கலைஞரைக் கேட்டதாகவும், மற்றவர்கள் பார்த்துக் கற்றுவிடுவார்கள் என்று அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள். ஆனால் அந்தக் குழுவின் நிக் லராக்கா பிற்காலத்தில், ஜாஸில் கறுப்பினத்தவருக்குப் பங்கே இல்லை என்று பேசினார். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

1922 ஆகஸ்டில் 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங் தன் குரு ஜோ ‘கிங்’ ஆலிவர் அழைத்ததால் இல்லினாய் சென்ட்ரல் வண்டியில் சிகாகோ கிளம்பினார். டைனிங் காரில் கறுப்பினப் பயணிகளுக்குச் சாப்பாடு கிடையாது. அம்மா மீன் சாண்ட்விச் கட்டிக்கொடுத்தார். லட்சக்கணக்கான பேர் தெற்கிலிருந்து வடக்கே போன பயணம் இது, எல்லோர் மடியிலும் ஒரு பொட்டலம். அடுத்த ஏப்ரலில் ஆலிவர் குழு இண்டியானாவில் ரிச்மண்ட் என்ற ஊரின் ஜெனட் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அது பியானோ தொழிற்சாலையின் ஒரு கொட்டகை, பக்கத்திலேயே தண்டவாளம். வண்டி போனால் பதிவை நிறுத்தவேண்டும். மைக் வராத காலம். ஒரு பெரிய தகரக் குழாய் முன்னால் எல்லோரும் நின்று வாசிக்கவேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கியதால் அவரை மட்டும் பல அடி தள்ளிப் பின்னால் நிற்கவைத்தார்கள். அதே கம்பெனி அந்த வருடங்களில் பணம் வாங்கிக்கொண்டு கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்களுக்கும் தட்டு அச்சடித்துக் கொடுத்தது. பேட்டன் 1929இல் தன் பீ வைன் பாட்டைப் பதிந்ததும் அதே ரிச்மண்டில்தான்.

---

கோவை கீபோர்டு

ஐயா, இதையெல்லாம் படித்தபிறகு தேர்வுத் துண்டை வாசிக்கவே கை நடுங்குகிறது. எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கட்டும்?

---

ஓய்வுபெற்ற கார்டு

நடுங்கவேண்டாம், வாசியுங்கள்.

பார்ச்மேன் சிறைப் பாட்டுகளை முதலில் கேளுங்கள். அப்புறம் சார்லி பேட்டன். அந்தத் தட்டுகளில் இரைச்சல் அதிகம். மரச்சாமான் கம்பெனி ஒன்று நடத்திய பாரமவுண்ட் என்ற நிறுவனம் மட்டமான கலவையில் அச்சடித்தவை அவற்றில் பல. முதல் தடவை ஒன்றும் புரியாது. ஹெட்ஃபோன் போட்டு, பாடலை விட்டுவிட்டு கிட்டார் கட்டையில் அவர் தட்டுவதை மட்டும் கவனியுங்கள், மூன்றாவது தடவை குரல் தானாகத் தெளியும். பிறகு டீச்சர் சொன்ன ஹார்மோனியப் பதிவு.

கடைசியாக ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. ஆரம்பத்தில் அவர் தனியாக ஊதும் அந்தச் சில நொடிகளுக்கு உலகமே பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். டீச்சர் போட்டுக்கொடுத்த அதே பன்னிரண்டு பார்தான், ஸ்கேல் மட்டும் ஈ ஃப்ளாட். முதல் சுற்று குழுவாக, இரண்டாவது டிராம்போன், மூன்றாவதில் கிளாரினெட்டும் ஆம்ஸ்ட்ராங்கின் வார்த்தையில்லாத பாட்டும், நான்காவது எர்ல் ஹைன்ஸின் பியானோ. ஐந்தாவது சுற்று தொடங்கியதும் ஆம்ஸ்ட்ராங் உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, ஏறக்குறைய நான்கு பார் விடாமல் நிற்பார். ஹைன்ஸின் சுற்றில் இடது கை என்ன செய்கிறது என்று நீங்கள் கீபோர்டில் பிடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், எனக்கு அது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. டீச்சரும் பார்க்கட்டும்.